அப்பத்தாவின் தண்டட்டியை அழிக்காத ஸ்டுடியோ

மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிற பழைய போட்டோ ஸ்டுடியோ ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். கடைப் பெயரைப் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அவரும் அவர் மகளும் மட்டும்தான் வேலை பார்க்கிறார்கள், வந்து கிடக்கிற வேலையே இரண்டு மாதத்துக்கு இருக்கிறது, இதற்கு மேல் கூட்டம் வந்தால் எல்லாருக்கும் அரைகுறையாகத்தான் செய்து கொடுக்க முடியும் என்றார். நியாயம்தான். ஆனால் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை. பழைய படத்தைச் சரிசெய்யக் கொடுக்கிறவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் என்ன கேட்க வேண்டும், எதற்குத் தலையாட்டக் கூடாது என்பது எனக்கு இங்கேதான் தெரிந்தது.

எங்கள் அப்பத்தா போன வருடம் இறந்துபோனாள். வருஷத் திதிக்குச் சுவரில் ஒரு படம் மாட்ட வேண்டும். வீடு முழுக்கத் தேடியும் அவள் முகம் இருக்கிற படம் இரண்டே இரண்டுதான் கிடைத்தது. ஒன்று வாக்காளர் அட்டையில் இருக்கிற கறுப்பு வெள்ளைப் படம். இன்னொன்று 1971-ல் பெரியப்பா கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ. அதிலும் பின்வரிசையில் ஓரமாக நிற்கிறாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்பின தலைமுறை அது. கேமராவைத் தூக்கினாலே அடுப்படிக்குள் போய்விடுவாள் என்று அத்தை இப்போதும் சொல்வார்.

வாக்காளர் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1993-ல் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் வாக்காளர் எல்லாருக்கும் படம் ஒட்டிய அட்டை கொடுத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். கள்ள ஓட்டைத் தடுக்கத்தான் அது வந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அப்பத்தா வயதுப் பெண்கள் நிறையப் பேருக்கு, தனியாக உட்கார்ந்து, நேராகப் பார்த்து எடுத்துக்கொண்ட முதல் படம் அந்த அட்டைக்காக எடுத்ததுதான். கல்யாண ஆல்பத்தில் புருஷன் பின்னாலும் பிள்ளைகள் பின்னாலும் நின்றவர்களைப் பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு நாற்காலியில் தனியாக உட்கார வைத்து, "நிமிர்ந்து பாரும்மா" என்று சொன்னது ஒரு தேர்தல் வேலை. செத்த பிறகு அந்த அட்டைப் படத்தையே பெரிதாக்கி மாலை போட்டிருக்கிற வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டிலும் முதலில் அதைத்தான் செய்யலாம் என்றார்கள். ஆனால் அட்டைப் படத்தில் அப்பத்தா காதில் தண்டட்டி, அதாவது காது வளர்த்துப் போடுகிற கனமான நகை, கிடையாது. அப்பா காலேஜ் சேரும்போது அதை விற்றுவிட்டார்கள், வெறுங்காது மட்டும் தோள் வரைக்கும் தொங்கும். தண்டட்டியோடு அவள் இருக்கிற ஒரே படம் அந்த 1971 குரூப் போட்டோதான். அத்தைக்கு அந்தப் படம்தான் வேண்டும்.

படத்தின் நிலைமை மோசம். 50 வருடமாகச் சாமி அறைச் சுவரில் தொங்கியது, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணாடி மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து, ஈரத்துணியால் துடைத்து, அந்த ஈரம் பிரேமுக்குள் இறங்கி, படத்தின் ஒரு பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கம் பூஞ்சை. இருட்டான இடங்களில் எல்லாம் வெள்ளிப் பூச்சு பூசினது போல ஒரு மினுமினுப்பு. அப்பத்தா முகம் சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது.

நான் செய்த முதல் தப்பு, செல்போனில் அதைப் படம் பிடித்து ஏ.ஐ. செயலி ஒன்றில் போட்டது. எந்தச் செயலி என்பது முக்கியமில்லை, இப்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் செய்கின்றன. இருபது வினாடியில் தெளிவான ஒரு பாட்டி வந்தாள். கண் பளிச்சென்று இருந்தது, தோல் வழவழவென்று இருந்தது, பார்த்தவுடன் அப்பாவுக்குக்கூட ஒரு நிமிடம் சந்தோஷம். அத்தையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்று கேட்டார். அப்புறம்தான் நானும் சரியாகப் பார்த்தேன். தொங்கும் காது மேலே ஏறி, சாதாரணக் காதாகிவிட்டது. தண்டட்டி இருந்த இடத்தில் ஜிமிக்கி. மூக்கு கூர்மையாகிவிட்டது, மச்சம் இல்லை. அந்த மென்பொருள் காது வளர்த்த கிழவியை எங்கேயும் பார்த்திருக்காது போல. அதனால் அந்தக் காதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு, கோளாறைச் சரிசெய்துவிட்டது. பெயிண்ட் அடித்த மாதிரி ஒரு பெண்ணைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் உட்கார வைத்து, இவள்தான் உன் அப்பத்தா என்று சொன்னால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். எனக்கு நிஜமாகவே வந்தது.

பிரேமைத் திருப்பிப் பின்னட்டையைப் பிரித்தபோது, படம் ஒட்டியிருந்த அட்டையின் பின்பக்கத்தில் ஊதா மையில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருந்தது. ஸ்டுடியோ பெயர், சந்தின் பெயர், கையால் எழுதிய ஒரு எண். அந்தக் கடை இன்னும் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. போய்ப் பார்த்தால் இருந்தது. இப்போது நடத்துகிறவர், அன்றைக்குக் கல்யாணத்துக்கு யாஷிகா கேமராவோடு வந்தவரின் மகன்.

கடைக்குள் போனதும் அவர் செய்த முதல் காரியம், நான் படத்தைப் பிரேமிலிருந்து எடுக்கப் போனதைத் தடுத்தது. "தொடாதீங்க தம்பி, கண்ணாடியோட ஒட்டினதைப் பிச்சா முகம் கண்ணாடியோட போயிரும்." உரிக்காமல், தண்ணீரில் போடாமல், கண்ணாடியோடு சேர்த்தே கீழே படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, விளக்குக்கும் லென்சுக்கும் போலரைசர் என்கிற பளபளப்பைத் தடுக்கும் வடிகட்டி மாட்டி எடுத்தார்கள். கண்ணாடியின் பளபளப்பும் அந்த வெள்ளி மினுமினுப்பும் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. ஒட்டாத பக்கத்தைத் தனியாக இன்னும் நெருக்கமாக எடுத்தார்கள். அந்த முதல் கோப்பை அப்படியே ஒரு பென் டிரைவில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, "இது ஒரிஜினல். இதுல நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். இனிமே பண்றதெல்லாம் காப்பியிலதான்" என்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடையைச் சொல்வேன். முன்பு நான் கேட்டுப் பார்த்த இரண்டு கடைகளில், ஒரிஜினலைத் திருப்பித் தருவோம் என்று சொன்னதே பெரிய விஷயம்.

நெகட்டிவ் இருக்கிறதா என்று ஆசையோடு கேட்டேன், கையில் அந்த எண் இருக்கிறதே. இல்லை. 120 என்கிற வகை பிலிம் ரோலில் 12 படம் வரும், அப்படி ஆயிரக்கணக்கான ரோல் கவர் போட்டு, எண் போட்டு அடுக்கி வைத்திருந்தாராம் அவர் அப்பா. 1980-களின் கடைசியில் இடம் இல்லாமல், நெகட்டிவிலிருந்து வெள்ளி எடுக்கிறவர்களிடம் பெட்டி பெட்டியாக எடைக்குப் போட்டுவிட்டாராம். இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நிறைய ஸ்டுடியோக்களில் இதுதான் நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்போய் டிஜிட்டல் ஆக்கியிருக்கிறார்கள். அதுவும் இல்லாவிட்டால், நம் ஊர் ஆட்கள் நூறு வருடம் எப்படி உடுத்தினார்கள், எப்படி உட்கார்ந்தார்கள், செத்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்துக் குடும்பமே சுற்றி நின்று எப்படிக் கடைசிப் படம் எடுத்தார்கள் என்பதெல்லாம் எடைக்குப் போன கதையாகவே முடிந்திருக்கும். வெள்ளைக்காரர் எடுத்த கோயில் படமும் அரண்மனைப் படமும் பத்திரமாக இருக்கின்றன. 1850-களில் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்களை இன்றைக்கும் பார்க்கலாம். ஆனால் 1971-ல் எங்கள் ஊர்க் கல்யாணத்தில் எடுத்த அந்த 12 படத்தில் மிச்சம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கின ஒன்றுதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

அத்தையைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார் உரிமையாளர். முகத்தைத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் உட்காராமல் முகத்தில் கை வைக்க மாட்டாராம். ஒரு சனிக்கிழமை மதியம் அத்தை, நான், அவர், அவர் மகள் நான்கு பேரும் திரைக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அங்கேதான் ஒரு பிரச்சினை வந்தது. அத்தை மச்சம் இடது கன்னத்தில் என்கிறார். படத்தில் வலது கன்னத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, அது மச்சமா பூஞ்சையா தெரியவில்லை. அம்மா முகம் எனக்குத் தெரியாதா என்று அத்தைக்கு வருத்தம். உரிமையாளர் பதில் சொல்லாமல் படத்தில் இருந்த ஆம்பளைகளை ஒவ்வொருவராகப் பெரிதாக்கிக் காட்டினார். சட்டைப் பை எல்லாருக்கும் வலது பக்கம். கடிகாரம் கட்டியிருந்த இரண்டு பேருக்கும் வலது கையில். "அப்பா அவசரத்துல நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் போட்டிருக்கார்மா. படமே இடம் வலமா மாறியிருக்கு." சேலை முந்தானையை வைத்து மட்டும் முடிவுக்கு வர முடியாதாம், சில ஊர்களில் வலது தோளில்தான் போடுவார்கள், அதனால்தான் சட்டைப் பையைப் பார்த்தாராம். வாக்காளர் அட்டையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். மச்சம் இடது கன்னத்தில். ஐம்பது வருடமாக எங்கள் வீட்டில் எல்லாரும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரியே அந்தக் கல்யாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். படத்தைத் திருப்பியதும் அத்தை ஒரு சத்தமும் போடவில்லை, திரையைத் தொட்டுப் பார்த்தார்.

அடுத்தது காது. ஒரு பக்கத்துத் தண்டட்டி தெளிவாக இருந்தது, அதன் சதுரங்கள், கீழே உருண்டை எல்லாம் தெரிந்தது. இன்னொரு பக்கம் பூஞ்சையில் போய்விட்டது. நல்ல காதை எடுத்துத் திருப்பி அந்தப் பக்கம் ஒட்டிவிடலாமே என்று நான்தான் கேட்டேன். அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது. "ஒட்டலாம், பத்து நிமிஷ வேலை. யாருக்கும் தெரியாது. ஆனா வெயில் இந்தப் பக்கம் இருந்து விழுது, அந்தக் காது நிழல்ல இருந்திருக்கு, அது எப்படி இருந்துச்சுன்னு எங்கிட்ட இல்ல. இல்லாததை வெச்சா அது நான் வரைஞ்ச காது." பூஞ்சைக் கறையை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தை மங்கலாக, நிழலாகவே விட்டார்கள். இப்போது சுவரில் பார்க்கும்போது அந்தப் பக்கம் கொஞ்சம் தெளிவில்லாமல்தான் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் கண்டிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோதுதான் அவர் அப்பாவின் இன்னொரு வேலையைச் சொன்னார். அந்தக் காலத்தில் போலீசுக்குப் படம் எடுக்கிறதும் ஊர் ஸ்டுடியோக்காரர்கள்தான். விபத்து, தூக்கு, கொலை என்று எது நடந்தாலும் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்களாம். எடுப்பதோடு முடியாது. வழக்கு நடக்கும்போது நெகட்டிவைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கூண்டில் ஏறி, இதை நான்தான் எடுத்தேன், இந்தத் தேதியில் எடுத்தேன் என்று சாட்சி சொல்ல வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் டச்சிங் பண்ணினாயா என்று கேட்பாராம். கல்யாண நெகட்டிவில் பென்சில் வைத்து முகச் சுருக்கத்தை எடுக்கிற அதே மனிதர், அந்தப் படங்களில் ஒரு தூசியைக்கூடத் தொட்டதில்லை என்று கூண்டில் நின்று சொல்லியிருக்கிறார். அதனால் கடையில் இரண்டு அலமாரி தனித்தனியாக இருந்ததாம்: தொடலாம் என்பதற்கு ஒன்று, தொடக் கூடாது என்பதற்கு ஒன்று.

இப்போது நெகட்டிவ் கிடையாது. அதற்குப் பதிலாகச் சட்டம் ஒரு சான்றிதழ் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு என்று இருந்தது, 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 63-ஆம் பிரிவு. எந்தக் கருவியில் எடுத்தது, யார் பொறுப்பில் இருந்தது என்று எழுதி, கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பிலிருந்து கணக்கிட்டு எடுக்கிற, அதன் கைரேகை மாதிரியான ஒரு குறியீடு) குறிப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். சொத்துத் தகராறு, வரப்புத் தகராறு, சுவர் இடிந்தது என்று யாராவது அதற்காகப் படம் எடுக்கக் கூப்பிட்டால், இவர் மகள் கேமராவில் இருந்து கோப்பை எடுத்த அன்றைக்கே ஹாஷ் எடுத்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். நோட்டைப் பார்த்தேன், தேதி வாரியாக அழகாக இருக்கிறது. வக்கீல்கள் தேடி வருவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மாடிப்படி ஏறும் இடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது, கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். 1967 ஜனவரி 12-ல் எம்.ஆர். ராதா சுட்டபிறகு ஆஸ்பத்திரியில் எடுத்தது. அடுத்த மாதம் சட்டமன்றத் தேர்தல். அவர் பிரசாரத்துக்குப் போக முடியவில்லை, அந்தப் படம்தான் சுவர் சுவராகப் போனது. தி.மு.க. 137 இடங்களில் ஜெயித்து முதன்முறையாக ஆட்சிக்கு வந்தது, அவரும் பரங்கிமலையில் ஜெயித்தார். தேர்தல் அந்த ஒரு படத்தால் முடிவாகவில்லை. அரிசி விலையும் இந்தி எதிர்ப்பும் இருந்தன. ஆனால் ஒரு போட்டோ ஓட்டுக் கேட்டதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது. உரிமையாளர் இதை வேறு காரணத்துக்காக மாட்டியிருக்கிறார். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க வருகிறவர்கள் தழும்பை எடுங்கள், அம்மைத் தழும்பை அழியுங்கள் என்று கேட்டால், அதைக் காட்டி, "அந்தக் கட்டை அழிச்சிட்டா அந்தப் படத்துல என்ன இருக்கு?" என்று கேட்பாராம்.

இந்தக் கல்யாணப் போட்டோ விஷயத்தில் நான் அவர் பக்கம். பெண்ணுக்கு வரன் பார்க்க எடுக்கிற படத்தில் "கலர் கொஞ்சம் கூட்டிக் கொடுங்க" என்று கேட்காத குடும்பம் குறைவு. கேட்கிறவர்கள் பெண்ணைப் பெற்றவர்களே, அந்தப் பெண் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். இவர் விளக்கு வைப்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் நேரம் எடுத்துக்கொள்கிறார், கறுப்பு நிறத்துக்கு வெள்ளைப் பின்னணி வைத்தால் முகம் இன்னும் இருண்டு போகும் என்று சாம்பல் திரை போடுகிறார், ஆனால் நிறத்தை மாற்றுவதில்லை. முகத்தில் இருக்கிற பருவை எடுப்பார், அது பதினைந்து நாளில் போய்விடும். மச்சத்தையும் தழும்பையும் எடுக்க மாட்டார். இதனால் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறவர்கள் உண்டு. நான் உட்கார்ந்திருந்த அன்றைக்கே ஒரு குடும்பம் போனது. அந்தப் பெண் போகும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே படி இறங்கியது எனக்கு மறக்கவில்லை.

இரண்டாவது தடவை போனபோது ஆனையூர் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கையில் இலங்கை அடையாள அட்டையின் நகல், அதில் தம்பியின் படம் தபால் தலை அளவு. 2009-ல் போர் முடிந்த பிறகு தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. ஊரில் இருக்கிற அம்மாவுக்கு அனுப்பப் பெரிய படமாக வேண்டும் என்றார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் போன பிள்ளைகளைக் கேட்டு 2017-லிருந்து பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிற தாய்மாரின் கையில் இருப்பதெல்லாம் இப்படிப்பட்ட படங்கள்தான், பாதி அடையாள அட்டையில் இருந்து பெரிதாக்கியவை. அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் கேட்பது "இவன் எங்கே?" என்ற ஒரே கேள்வி. அந்தப் படத்தில் மூக்கு கொஞ்சம் மாறினாலும் கேள்வி வேறு யாரையோ பற்றியதாகிவிடும். ஏ.ஐ. போட்டால் தெளிவாக வருமே என்று அந்த அக்காவோடு வந்த பையன் கேட்டான். உரிமையாளர் முடியாது என்றார், ஏன் என்று பொறுமையாக விளக்கினார். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று அந்த அளவில் எவ்வளவு பெரிதாக்கலாமோ அவ்வளவு மட்டும் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஒரு விஷயத்தை வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். காசு கொடுத்து நீங்கள் எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டால், உங்களுடையது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஸ்டுடியோக்காரர்கள் பலர் தங்களுடையது என்றே நினைக்கிறார்கள், உங்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணப் படத்தை விளம்பரப் பலகையிலும் இன்ஸ்டாகிராமிலும் கேட்காமல் போடுகிறார்கள். என் சிநேகிதியின் படம் ஒரு கடை வாசலில் இரண்டு வருடம் தொங்கியது, எடுக்கச் சொல்லிப் போனதற்கு, இது எங்களுக்கு விளம்பரம்தானே, உங்களுக்கு என்ன நஷ்டம் என்றார்கள். இந்தக் கடையில் ஒரு தாளில் எழுதி வாங்குகிறார்கள். மாட்டலாமா, எத்தனை மாதம், வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுக்கச் சொல்லலாமா என்று மூன்று வரி. வேண்டாம் என்று டிக் அடித்தால் அதைப் பற்றி மறுபேச்சு இல்லை.

பர்தா போடுகிற பெண்கள் இங்கே நிறைய வருகிறார்கள், மகள் இருப்பதால். வாக்காளர் பட்டியலில் முகம் தெரியப் படம் போடுவதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு 2006-ல் தள்ளுபடியானது, 2010-ல் உச்ச நீதிமன்றமும் படம் வேண்டும் என்றே சொல்லிவிட்டது. சட்டம் அப்படியென்றால், அந்தப் படத்தை யார் எடுக்கிறார்கள், எந்த அறையில் எடுக்கிறார்கள் என்பதையாவது நாம் சரியாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே தனி அறை இருக்கிறது, கதவு உண்டு, மகள் மட்டும்தான் எடுக்கிறார், பிரிண்ட் போட்டதும் கோப்பை அவர்கள் கண் முன்னாலேயே அழிக்கிறார்.

குறைகளும் இருக்கின்றன. பத்து நாள் என்று சொன்ன வேலை 24 நாள் ஆனது. திதிக்கு இரண்டு நாள் முன்னால்தான் கையில் வந்தது, அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, நேரில்தான் போக வேண்டும். மாடிப்படி செங்குத்தாக இருக்கிறது, முழங்கால் வலி இருக்கிற அத்தையை ஏற்றி இறக்கப் பெரும்பாடு பட்டோம். பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்காகப் பெரியவர்களை இங்கே கூட்டி வர வேண்டாம், கீழேயே எத்தனையோ கடை இருக்கிறது. பிரேம் சுமார்தான், தங்க நிறப் பூச்சு மட்டமாக இருக்கிறது. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டு அட்டை வைத்துத் தரச் சொல்லிக் கேட்டேன், மறுபடியும் ஒட்டிக்கொள்ளக் கூடாதே என்று. அந்தப் பிரேம் அவர்களிடம் இல்லை. படத்தை மட்டும் வாங்கி வெளியே வேறு இடத்தில் பிரேம் போட்டேன். இத்தனை கவனமாக வேலை செய்கிறவர்கள் கடைசியில் இதில் கோட்டை விடுவது எனக்கு வருத்தம்தான், அவரிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

கட்டணம்: சரிசெய்ததற்கு 1,400 ரூபாய், 12-க்கு 15 அங்குலம் மேட் பிரிண்ட் 450 ரூபாய். பாதியை முன்பணமாக வாங்குகிறார்கள். செயலியில் இது 99 ரூபாய்க்கு நடக்கும் என்பார்கள். நான்கு பேர் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு முகத்தைப் பார்த்ததற்கு இது அதிகம் என்று என்னால் சொல்ல முடியாது.

எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் கொண்டுபோக வேண்டியதைச் சொல்கிறேன். அந்த முகத்தின் வேறு எந்தப் படம் இருந்தாலும், ரேஷன் கார்டுப் படமாக இருந்தாலும் சரி, எடுத்துக்கொள்ளுங்கள். அந்த முகத்தைத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், அவர் இருக்கும்போதே போங்கள். கிழிந்த துண்டுகளைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள், செலோ டேப் மட்டும் ஒட்டிவிடாதீர்கள், அதை எடுக்கும்போது முகமும் சேர்ந்து வந்துவிடுகிறது என்று அந்த மகள் ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரேமோடு தூக்கிக்கொண்டு போங்கள். வெள்ளிக்கிழமை சந்தனம் வைக்கிறதை விட முடியாதென்றால், சுவரில் பிரிண்டை மாட்டிவிட்டு ஒரிஜினலைப் பீரோவில் வையுங்கள். அத்தை இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார், பட்டுச் சேலைக்கு அடியில், துணியில் சுற்றி.